களத்திலே குருதி – கிடங்கிலே களவு!

தேவிகாபுரத்துத் தெருக்களிலே தறியின் ஓசை கேளாத பகற்பொழுது அரிது. குழியிலே கால், பாவிலே கண், நாடாவிலே கை – இப்படி அமர்ந்திருக்கும் உழைப்பாளியின் உருவம் இவ்வூரின் அடையாளம். அந்த ஓசை பள்ளிச் சன்னல் வழியே வந்து, நாம் நடத்தும் பாடத்துக்குத் தாளம் போடும்.

ஒரு நாள் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பாடம். 1939-இல் இட்லர் போலந்தின்மீது பாய்ந்தான், 1941-இல் ஜப்பான் அமெரிக்கக் கப்பற்படையைத் தாக்கிற்று, 1945-இல் அணுகுண்டு வீழ்ந்தது என்று கரும்பலகையிலே ஆண்டுகளை அடுக்கினோம். கடைசி வரிசையிலிருந்து எழுந்தான் நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன்.

“ஐயா! போர் எங்கேயோ நடந்தது என்கிறீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பூட்டனார் தறியை நிறுத்திவிட்டாராம். நூலே கிடைக்கவில்லையாம். கிடைத்தாலும் மறைவாகத்தான் கிடைக்குமாம். விலை கேட்டால் மயக்கமே வருமாம். அந்த நூலெல்லாம் எங்கே போயிற்று, ஐயா?”

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கரும்பலகையில் நாம் எழுதியிருந்த ஆண்டுகளில் எதிலும் அவன் கேள்விக்கு விடை இல்லை! மன்னர்களையும் தளபதிகளையும் மனப்பாடம் செய்வித்த நாம், அந்தப் போர் ஒரு நெசவாளியின் குழித்தறிக்குள் எப்படி இறங்கிற்று என்பதைக் கற்கவில்லை, கற்பிக்கவும் இல்லை. வெட்கமாக இருந்தது. தேடினோம். தேடியதைத் தோழர்கள்முன் வைக்கிறோம்.

போருக்கு இரண்டு களங்கள் உண்டு. துப்பாக்கி முழங்குவது ஒன்று. துப்பாக்கிக்கு மருந்தும், வீரனுக்குச் சோறும், உடுக்கத் துணியும் திரட்டப்படுவது மற்றொன்று. முதற்களத்தைப் பாடப் புலவர்கள் இருந்தனர். இரண்டாங்களத்துக்குக் கணக்குப்பிள்ளைகள் மட்டுமே இருந்தனர். ஆனால், போரின் முடிவு பெரும்பாலும் அந்த இரண்டாங்களத்திலேதான் எழுதப்படுகிறது.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நமக்கு அண்மையில் உள்ள ஆரணிக்குச் சென்றாலே போதும். 1782 சூன் 2-ஆம் நாள் அங்கே ஐதர் அலியின் படையும், சர் அயர் கூட்டின் கும்பினிப் படையும் மோதின. கூட் ஆரணியைக் குறிவைத்தது ஏன்? அழகிய ஊர் என்பதற்காகவா? அல்ல. ஐதரின் உணவும் தளவாடமும் அங்கேதான் குவிக்கப்பட்டிருந்தன. கிடங்கை வீழ்த்தினால் படை வீழும் என்பது அந்தக் கிழட்டுத் தளபதியின் கணக்கு. கணக்குப் பலிக்கவில்லை, கிடங்கு தப்பிற்று. ஆனால் கிடங்கின் அருமை என்ன என்பதை இரு தரப்பும் அறிந்திருந்தன என்பதை அந்தப் போர் காட்டுகிறது.

கிடங்கின் அருமையை அறிந்தவன் தளபதி மட்டுமல்லவே! ஒப்பந்தக்காரனும் அறிந்திருந்தான். அதே காலத்தில், 1779-இல், கும்பினிப் படைக்கு இழுவைமாடு வழங்கும் ஒப்பந்தத்தைக் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் கிராஃப்ட்ஸ் என்பவருக்கு அளித்தார். மிகையான பணத்துக்கு, வேண்டியவருக்கு வழங்கப்பட்ட சலுகை என்று இலண்டன் பாராளுமன்றத்திலே அது குற்றச்சாட்டாக எழுந்தது. 1788-இல் தொடங்கிய விசாரணை ஏழாண்டு நடந்தது. 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலை பெற்றார். தீர்ப்பு எதுவாயினும், நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பீரங்கியை இழுத்தது மாடு. அந்த மாட்டின் முதுகிலே ஏறிச் செல்வம் தேடலாம் என்று குற்றம் சாட்டப்படும் அளவுக்கு, இந்த மண்ணிலே போர் அன்றே வாணிபமாகியிருந்தது!

அமெரிக்காவிலும் இதே கதை. அடிமை முறையின் மீது எழுந்த உள்நாட்டுப் போரில், வடபகுதிப் படைக்குச் சில வணிகர்கள் வழங்கிய சீருடை, கந்தலை அரைத்து அழுத்திச் செய்தது. மழை பட்டதும் வீரனின் உடம்பிலேயே அது இற்று வீழ்ந்தது. 1863 மார்ச் 2-இல், பொய்க்கணக்குக் காட்டி அரசை ஏய்ப்போரைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. அதில் ஒரு புதுமை: களவைக் கண்ட எந்தக் குடிமகனும் அரசின் சார்பில் வழக்குத் தொடுக்கலாம், மீட்கப்படும் தொகையில் அவனுக்கும் பங்குண்டு. கண்டவன் வாய் திறக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே, பின்னர் தேவைப்படும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

1939 செப்டம்பர் 3-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ இந்தியா போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். நாட்டு மக்களைக் கேட்டாரா? இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களைக் கேட்டாரா? அதுவும் இல்லை. அக்டோபர் இறுதியில் சென்னை மாகாண அமைச்சரவை பதவி விலகிற்று. அன்று தொடங்கி 1946 ஏப்ரல் வரை, ஆறாண்டுக்கு மேலாக, சென்னையிலே கவர்னரும் அவருடைய ஆலோசகர்களுமே ஆண்டனர். கேள்வி கேட்கச் சட்டசபை கூடவில்லை. தில்லியிலே மத்திய சட்டசபை இருந்தது; 1934-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதன் ஆயுளை நீட்டி நீட்டி 1945 வரை இழுத்தனர். அங்கே எழுந்த கேள்விக்கும் ஆட்சியை அசைக்கும் ஆற்றல் இல்லை. இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்னும் பூட்டு, பத்திரிகைகளின் வாயிலே தொங்கிற்று.

பூட்டப்பட்ட வாய் ஒரு புறம். திறக்கப்பட்ட கருவூலம் மற்றொரு புறம்! இருபத்தைந்து இலட்சம் பேர் கொண்ட படை திரட்டப்பட்டது. அந்தப் படைக்குக் காலணி, கம்பளி, கூடாரம், சீருடை, கோதுமை மாவு, அரிசி, நெய், பெட்ரோல், மரம், சிமெண்டு, மருந்து – அத்தனையும் வேண்டும், உடனே வேண்டும். ஆவடியிலே இராணுவக் கிடங்குகள் எழுந்தன. அரக்கோணத்திலே விமானத்தளம் அமைந்தது. போர் தொடங்கியபோது நாட்டிலே புழங்கிய நோட்டுகள் ஏறத்தாழ 180 கோடி ரூபாய். போர் முடிந்தபோது அது 1,100 கோடியைத் தாண்டியிருந்தது! பண்டம் பெருகவில்லை, பணம் மட்டும் பெருகிற்று. அந்தப் பணம் முதலில் யார் கைக்குச் சென்றது? சர்க்காருக்குச் சரக்கு விற்றவன் கைக்கு.

அவசரம், இரகசியம், அளவற்ற பணம் – இம்மூன்றும் ஓரிடத்தில் கூடினால் களவுக்கு அழைப்பிதழ் அனுப்ப வேண்டுமா? வழிகளும் பலவாயின. நூறு மூட்டை தந்து நூற்றிருபதுக்குக் கையெழுத்துப் பெறுவது ஒரு வழி. நல்ல சரக்கை மாதிரிக்குக் காட்டி, மட்டச் சரக்கை வண்டியில் ஏற்றுவது மற்றொரு வழி. ‘வீண், பயனற்றது’ என்று எழுதிக் கழித்த பொருளைப் பின்வாசல் வழியே கடைக்கு அனுப்புவது இன்னொன்று. இவை எல்லாவற்றினும் எளியது, ‘இராணுவத் தேவை’ என்ற முத்திரையைக் காட்டி இரயில் வண்டியிலே இடம் பிடிப்பது. ஊரார் நெல்லுக்கு வண்டி இல்லை. முத்திரை பெற்றவன் சரக்குக்கு உண்டு. அந்தச் சரக்கு உண்மையில் எங்கே இறங்கிற்று என்று எவன் கேட்பான்? கேட்டால் ‘எதிரிக்கு உளவு சொல்கிறாயா?’ என்பர்.

நாம் கற்பனையாகக் குற்றம் சுமத்துகிறோமா? அன்றைய துரைத்தனமே தந்த சான்று இருக்கிறது. 1941-இல் இந்திய சர்க்கார் போர் இலாகாவின்கீழ்த் தனிப் போலீஸ் அமைப்பு ஒன்றை ஏற்படுத்திற்று. போர்ச் சரக்கு வாங்குவதிலும் வழங்குவதிலும் நடைபெற்ற இலஞ்ச ஊழலைத் துருவுவதே அதன் வேலை. தலைமையிடம் லாகூர், தலைமை ஏற்றவர் குர்பான் அலி கான். 1942 இறுதியில் இரயில்வேயும் அதன் பார்வைக்குள் கொண்டுவரப்பட்டது. ஏனெனில் போர்ச் சரக்கின் பாதை இருப்புப்பாதையே. 1943-இல் அவசரச் சட்டத்தின் மூலம், பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் மத்திய இலாகாக்களின் ஊழலைத் துப்புத் துலக்கும் அதிகாரம் தனிப்படைக்குத் தரப்பட்டது. களவு சிறிதாயிருந்தால் ஊர்ப் போலீசே போதுமே! நாடெங்கும் பாயத் தனிப்படை தேவைப்பட்டது என்றால், களவும் நாடெங்கும் பாய்ந்திருந்தது என்றுதானே பொருள்?

அன்று லாகூரிலே முளைத்த அந்தச் செடிதான், 1963 ஏப்ரல் 1-ஆம் நாள் ‘மத்தியப் புலனாய்வு அமைப்பு’ எனப் பெயர் பெற்ற மரம். இன்று செய்தித்தாளைத் திறந்தால் சி.பி.ஐ. என்ற மூன்றெழுத்தைக் காண்கிறோம். அதன் பிறப்புச் சான்றிதழைப் புரட்டினால், போர்க்கிடங்கின் களவுதான் தாய் என்று எழுதியிருக்கிறது!

* * *

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். நூல் எங்கே போயிற்று?

பட்டிலிருந்து தொடங்குவோம். இந்தியப் பட்டுத்தறிகள் மைசூர், கொள்ளேகாலம், காசுமீரப் பட்டை மட்டும் நம்பி ஓடவில்லை. சீன, ஜப்பானியக் கச்சாப் பட்டும் பெருமளவில் வந்துகொண்டிருந்தது. 1941 சூலையில் ஜப்பானிய வாணிபம் முடக்கப்பட்டது; திசம்பரில் போரே மூண்டது. கப்பலில் வந்த பட்டு நின்றது. எஞ்சிய உள்நாட்டுப் பட்டின்மீதும் போரின் கை விழுந்தது. விமானத்திலிருந்து குதிக்கும் வீரனைத் தாங்கும் பாராசூட்டுக்கு, மெல்லியதும் வலியதுமான நூல் வேண்டும். பட்டைவிட அதற்கு ஏற்றது ஏது? ஆலையில் சீராக நூற்ற நல்ல பட்டு பாராசூட்டுக்குச் சென்றது. மணப்பெண்ணின் தோளிலே தவழ வேண்டிய இழை, வானத்திலே குடையாக விரிந்தது.

அதைக்கூட நாம் குறை கூறமாட்டோம். உலகை விழுங்க வந்த நாசிக் கொடுமையை வீழ்த்த இழை தேவை என்றால், நெசவாளி தந்திருப்பான். ஆனால் மீதி நூலுக்கு நேர்ந்தது என்ன? அளவு குறைந்தது, ஆவல் மிகுந்தது, இடையிலே இருந்தவன் விலை ஏற்றினான்.

பருத்தியின் கதை இன்னும் கொடிது. ஆலைத் துணியில் பெரும்பங்கு படைக்குச் சென்றது. துணி விலை மும்மடங்கு, நான்மடங்கு என ஏறியபின்தான் சர்க்கார் விழித்தது. 1943 சூனில் பருத்தித் துணி நூல் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. விலை வரையறுக்கப்பட்டது; துணியில் விலை முத்திரையிடப்பட்டது; வணிகனுக்கு உரிமம் தேவைப்பட்டது. ஏட்டிலே எல்லாம் செம்மை! நாட்டிலே நடந்தது என்ன? உரிமம் பெற்றவன் கையிலே நூல். நூல் வேண்டுபவன் கையிலே தறி. ‘சரக்கு வரவில்லை’ என்று பகலிலே பலகை. இரவிலே பின்கட்டிலே பேரம். முத்திரை விலை ஒன்று, மூடிய கதவின் விலை மற்றொன்று. கைத்தறியாளன் ஆலை நூலை நம்பியே வாழ்பவன். விதை இல்லாத உழவனைப்போல், நூல் இல்லாத அவன் வெறும் தறிமுன் அமர்ந்தான்.

தம்பி! உன் பூட்டனாருக்கு வரவேண்டிய நூலில் ஒரு பகுதி போருக்குச் சென்றது. அது கணக்கில் எழுதப்பட்ட பகுதி. மறு பகுதி போரின் பெயரால் பதுக்கப்பட்டது. அது கணக்கில் எழுதப்படாத பகுதி. முதலாவது தியாகம் எனப்படும், இரண்டாவது திருட்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, ‘போர்க்காலம், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றார்களே, அங்கேதான் சூது இருந்தது.

* * *

தமிழகத்திலே தறி நின்றது; வங்கத்திலே மூச்சே நின்றது.

1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி வருவது நின்றது. ஜப்பானியர் வங்கக் கரையில் இறங்கினால் அவர்கள் கைக்குச் சிக்கக்கூடாது என்று, கடலோர மாவட்டங்களின் அரிசியை அகற்றினர். ஆயிரக்கணக்கான படகுகளைப் பறித்தனர், உடைத்தனர். படகுதான் அங்கே வண்டி; படகுதான் மீனவனின் ஏர். கல்கத்தாவில் போர்த்தொழிலுக்கு வேண்டியவர்களுக்கு முன்னுரிமையாக அரிசி ஒதுக்கப்பட்டது. சிற்றூரின் கூலியாள், மீனவன், குயவன் – இவர்களுக்கு முன்னுரிமையும் இல்லை, பின்னுரிமையும் இல்லை. அரிசி வைத்திருந்தவன் விலையேறும் என்று பூட்டினான். பூட்டியதால் விலை ஏறிற்று. ஏறியதால் இன்னும் இறுகப் பூட்டினான்.

அப்போது நிலவிய பஞ்சத்தை ஆராய சர் ஜான் உட்ஹெட் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 1945-இல் அறிக்கை தந்தது. மாண்டோர் பதினைந்து இலட்சம் என்று அது கணக்கிட்டது. முப்பது இலட்சம் வரை இருக்கும் என்று பிற்கால ஆய்வாளர் கூறுகின்றனர். அதே அறிக்கையில் மற்றொரு கணக்கும் உண்டு. 1943-இல் அரிசி வாங்கி விற்றதிலே குவிந்த மிகை இலாபம் 150 கோடி ரூபாய் என்ற மதிப்பீடு அது. வகுத்துப் பாருங்கள், தோழர்களே! ஒரு பிணத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் இலாபம்! ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் அந்த விடையை எழுதும்போது கை நடுங்குகிறது.

பட்டினிக்குப்பின் வந்தது மலேரியா. 1942 மார்ச்சில் சாவகம் ஜப்பானியர் வசமானது. உலகத்துக் கொயினாவில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது. நம் நீலகிரியிலே நடுவட்டத்தில் கொயினாத் தொழிற்சாலை இருந்தது. ஆயினும் இத்துணைப் பெரிய நாட்டின் தேவைக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. இருந்த மருந்திலே படைக்கு முதலிடம். எஞ்சியது பதுங்கிற்று, கள்ளச்சந்தையிலே கலப்படமாக வெளிவந்தது. காய்ச்சலில் நடுங்கும் குழந்தையின் தாய், மூக்குத்தியை விற்று மருந்து வாங்கினாள். வாங்கியது மருந்துதானா என்பதை அவள் எவ்வாறு அறிவாள்?

‘தலைவிதி’ என்றனர் சிலர். ‘கலிகாலம்’ என்றனர் வேறு சிலர். பகுத்தறிவாளர் கேட்க வேண்டிய கேள்வி இது: விதிக்குக் கிடங்கின் சாவி யார் கொடுத்தது? அரிசியைப் பூட்டியவனுக்குப் பெயர் உண்டு, விலாசம் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. மனிதன் செய்ததை ஆண்டவன்மீதும் கோள்கள்மீதும் ஏற்றிச் சொன்னால், மகிழ்பவன் பூட்டியவன் ஒருவனே!

* * *

ஒரு வாதம் நம் காதிலே விழுகிறது. ‘அது வெள்ளையனின் போர். அவன் கிடங்கிலே களவாடினால் என்ன? ஒரு வகையில் அதுவும் நாட்டுப்பற்றே!’ என்பர் சிலர்.

கேட்க இனிக்கிறது. ஆராய்ந்தால் கசக்கிறது. கிடங்கிலே இருந்த கம்பளி வெள்ளையன் ஊரிலிருந்து வந்ததல்ல. இந்நாட்டு ஆட்டின் மயிர், இந்நாட்டு மக்களின் உழைப்பு. அதற்கான விலையில் ஒரு பகுதி இந்தியாவின் வரவு செலவிலேயே ஏறிற்று. பிரிட்டன் ஏற்றுக்கொண்ட பகுதிக்கும் அன்று கிடைத்தது இலண்டன் கணக்கிலே ஒரு வரவு. இங்கே அச்சாகிக் குவிந்தது நோட்டு. அந்த நோட்டின் வீக்கத்தை, அரிசி விலையாகவும் துணி விலையாகவும் சுமந்தவன் யார்? கூலி உயராத நெசவாளி, காணி இல்லாத உழவன், மாதச் சம்பள வாத்தியார். பொய்க்கணக்கு எழுதப்பட்ட ஒவ்வொரு மூட்டைக்கும் விலை கொடுத்தவர்கள் இவர்கள். கம்பளி இன்றி மலைக்குளிரிலே நடுங்கிய சிப்பாயும் பெரும்பாலும் பசிக்காகப் படையில் சேர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைதான். கும்பினியார் காலத்துக் கொள்ளையை நாம் கண்டிக்கிறோம் என்றால், கொள்ளையடித்தவனின் தோல் நிறத்தைப் பார்த்து அல்ல.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கிடங்கிலே மூட்டை தூக்கிய கூலியாள் ஒரு போர்வையைச் சுருட்டியிருந்தால், வாயிலிலேயே பிடிபட்டிருப்பான். அவன் குற்றமற்றவன் என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் போர்வையைத் திருடியவன் கையிலே போர்வை இருக்கிறது, பிடிக்கலாம். பேனாவால் திருடியவன் கையிலே என்ன இருக்கிறது? ஒழுங்காக முத்திரையிட்ட இரசீது! அவன் போர் நிதிக்கு நன்கொடை தந்தால் பட்டமும் பாராட்டும் தேடிவரும். சிறு திருட்டுக்குச் சிறை, பெருந்திருட்டுக்குச் சிறப்பு என்ற நிலை, நம் நாட்டிலே போரோடு வேரூன்றி, போருக்குப்பின்னும் நிலைத்தது.

1962-இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழு இதைத்தான் கூறிற்று. தமிழரான கே. சந்தானம் தலைமையில் அமைந்த அக்குழு, 1964-இல் அறிக்கை தந்தது. போர்க்காலத்தில் ஆண்டுதோறும் கோடி கோடியாகச் செலவிட்ட சரக்குக் கொள்முதலும் ஒப்பந்தங்களும், கட்டுப்பாடும் பற்றாக்குறையும் சேர்ந்து, முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு முறைகேட்டுக்கு வாய்ப்பளித்தன என்பது அதன் கருத்து. போர் முடிந்தது, படை கலைந்தது, பழக்கம் மட்டும் கலையவில்லை!

* * *

போர் என்றால் இப்படித்தான் இருக்கும், என்ன செய்வது என்று கைவிரிப்பவர்க்கு ஒரு செய்தி.

இந்தியாவில் தனிப்போலீஸ் பிறந்த அதே 1941-இல், மார்ச் மாதம், அமெரிக்க செனட் சபை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் ஹாரி ட்ரூமன். மிசௌரி மாநிலத்தின் செனட்டர். தொடக்கத்தில் ஒதுக்கிய பணம் பதினையாயிரம் டாலர் மட்டுமே. போருக்கு ஒதுக்கப்பட்ட ஆயிரம் ஆயிரம் கோடியின் முன் அது தூசு! அந்தக் குழு படைமுகாம்களுக்குச் சென்றது, ஆலைகளுக்குச் சென்றது, ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு, பொதுமக்கள் முன்னிலையில் கேள்வி கேட்டது. பழுதான விமான எஞ்சின்களைச் சோதனையில் தேறியவை என்று முத்திரையிட்டு அனுப்பிய ஒஹையோ மாநிலத்து ஆலை ஒன்றை, 1943-இல் அம்பலத்துக்குக் கொண்டுவந்தது. எஞ்சினிலே பழுது என்றால் வானிலே சாவு! அக்குழுவால் மிச்சமான தொகை ஆயிரங்கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. போர் நின்றுவிட்டதா? எதிரிக்கு உளவு போய்விட்டதா? இல்லை. படை வலுப்பெற்றது.

அமெரிக்கர் நம்மைவிட ஒழுக்கசீலர்கள் என்று நாம் கூறவில்லை. 1944 இறுதியில் பாரிசு அருகே, முன்களத்துக்குச் சென்ற சிகரெட்டையும் உணவையும் இரயில் வண்டியிலிருந்தே எடுத்து விற்றதற்காக அமெரிக்கப் படையினர் பலர் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். மனித இயல்பு எங்கும் ஒன்றே. வேற்றுமை எங்கே? அங்கே கேள்வி கேட்க மக்கள் மன்றம் திறந்திருந்தது. இங்கே மாகாண மன்றம் ஆறாண்டு பூட்டிக் கிடந்தது. அங்கே கேள்வி கேட்டவன் 1945-இல் நாட்டின் தலைவனானான். இங்கே கேள்வி கேட்பதே குற்றமாயிருந்தது. தனிப்போலீஸ் இருந்ததே எனலாம். இருந்தது, ஆனால் அது சர்க்காரின் கை. தன் கையே தன் பையைச் சோதிக்கும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டல்லவா?

அந்தக் கொடிய காலம் சில நல்ல கருவிகளையும் விட்டுச்சென்றது, மறுப்பதற்கில்லை. 1944-இல் வந்த அவசரச் சட்டம் ஒன்று, அரசுப் பணத்தைச் சுருட்டி வாங்கிய சொத்தைத் தீர்ப்புக்கு முன்பே முடக்கிவைக்க வழி செய்தது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டமும் அதன் துணையை நாடுகிறது. 1946-இல் தில்லிச் சிறப்புப் போலீஸ் சட்டம் வந்தது. 1947-இல் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்திலே ஓர் அரிய கேள்வி இடம்பெற்றது. அலுவலரின் வருமானத்துக்கும் அவருடைய செல்வத்துக்கும் பொருத்தமில்லையானால், அவர்தாம் விளக்கம் தரவேண்டும். ‘இவ்வளவு சம்பளக்காரனுக்கு இவ்வளவு மாளிகை எப்படி?’ என்று திண்ணையிலே நம் பாட்டி கேட்பாளே, அந்தக் கேள்வி சட்டமாயிற்று! கில் என்னும் அலுவலர்மீதான கையூட்டு வழக்கில், 1948-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தெளிவாகச் சொல்லிற்று: இலஞ்சம் வாங்குவது உத்தியோகக் கடமை ஆகாது, ஆதலால் அலுவல் என்ற கேடயத்துக்குப் பின்னே அதை மறைக்க முடியாது.

ஆனால் கருவி இருந்து பயன் என்ன, எடுக்கும் கை வேண்டுமே! அதே 1948-இல், விடுதலை பெற்ற நாட்டின் படைக்கு ஜீப்புகள் வாங்க இலண்டனில் ஓர் ஒப்பந்தம். வந்து சேர்ந்தவை 155. அவையும் உதவாதவை என்று ஒதுக்கப்பட்டன. பாராளுமன்றத்திலே புயல் எழுந்தது. 1955-இல், விவகாரம் முடிந்துவிட்டது என்று சர்க்கார் அறிவித்தது. ஆட்சி மாறியிருந்தது, கொடி மாறியிருந்தது. ‘பாதுகாப்பு விவகாரம், துருவாதீர்’ என்ற குரல் மட்டும் மாறவில்லை.

* * *

மறுவாரம் அதே வகுப்பிலே, அந்தப் பிள்ளையை எழுப்பி, நாம் தேடிக் கண்டதைச் சொன்னோம். கரும்பலகையிலே 1939-க்கும் 1945-க்கும் இடையே, 1941 என்றும் 1943 என்றும் இரண்டு ஆண்டுகளைப் புதிதாக எழுதினோம். ஒன்று, களவைப் பிடிக்கத் தனிப்படை தேவைப்பட்ட ஆண்டு. மற்றொன்று, தறிக்கு நூலும் வங்கத்துக்கு அரிசியும் இல்லாமற்போன ஆண்டு. பிள்ளைகள் எழுதிக்கொண்டனர்.

அவன் மீண்டும் எழுந்தான். “அப்போது எங்கள் பூட்டனார் கேட்டிருக்கலாமே, ஐயா?”

கேட்டிருக்கலாம். யாரிடம் கேட்பது? கேட்டால் செவிசாய்க்க மன்றம் இல்லை. எழுதினால் அச்சிடத் துணிந்த ஏடு அரிது. தன் பெயரைத்தானே எழுதத் தெரியாமல் ஒரு தலைமுறை வைக்கப்பட்டிருந்தது. அவர் தறியை நிறுத்திவிட்டு மௌனமாக அமர்ந்தார். அந்த மௌனத்தின்மீது மாளிகைகள் எழுந்தன.

உனக்கு அந்த நிலை இல்லை, தம்பி! உனக்கு எழுத்து உண்டு. நாளை வாக்கு உண்டு. தகவல் கேட்டுப் பெறும் உரிமையை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் உன் கையிலே தந்திருக்கிறது. படையின் திட்டத்தை மறைத்து வைக்கட்டும், அது முறை. வீரன் எங்கே நிற்கிறான் என்று நீ கேட்க வேண்டாம். ஆனால் அவன் காலணிக்கு என்ன விலை கொடுத்தார்கள், யாரிடம் வாங்கினார்கள், அது மழையிலே தாங்கிற்றா என்று கேட்பது உன் உரிமை. கேட்காவிட்டால் வெறுங்காலோடு நிற்பவன் உன் அண்ணனாக இருப்பான்.

எல்லையைக் காப்பவன் துப்பாக்கி ஏந்துகிறான். கிடங்கைக் காக்கத் துப்பாக்கி போதாது. அதற்குக் கேள்வி வேண்டும். கடைசி வரிசையிலிருந்து ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை எழுந்து கேட்டானே, அதுபோன்ற கேள்வி!

சன்னலுக்கு வெளியே தறி ஓடிக்கொண்டிருந்தது.